கணையத்துக்குப் போகும் கம்பி... நரம்பு சொன்னால் சர்க்கரை ஏறும், இறங்கும்!

ஈரோடு மாவட்டத்தில் நல்லாம்பட்டி என்றொரு விவசாய கிராமம். கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பி நிபுணர் டாக்டர் கிருஷ்ணன் சுவாமிநாதனின் குழு, அந்த ஊரில் 800-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டது. மூன்று மாத சராசரி சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனைப்படி, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் அல்லது அதற்கு முந்தைய நிலை. ஏறத்தாழ 40 சதவிகிதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு.

நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் டவுன்காரர்களின் வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கும் இது அதிர்ச்சிதான். 'ஏனுங்க, விடிஞ்சதும் தோட்டத்துக்குப் போயிட்டு பொழுது சாஞ்சு வர்றவனுக்கு எப்படீங்க சக்கரை வரும்?' என்று கொங்கு நாட்டில் கேட்காத ஆள் இல்லை.

வழக்கமான பதில்கள் நமக்குத் தெரியும். கம்பும் ராகியும் போய் மூன்று வேளையும் அரிசி வந்துவிட்டது. ஏற்றம் இறைத்த கைக்கு இப்போது மோட்டார் சுவிட்சைத் தட்டுவதுதான் வேலை. வரப்பு வரைக்கும் பைக் போகிறது. பரம்பரை வேறு. எல்லாம் உண்மை. ஆனால், இந்தப் பதில்கள் எல்லாமே வயிற்றையும் வாயையும் சுற்றியே நிற்கின்றன. தட்டில் விழுவதை மட்டும் பார்த்துத்தான் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது என்ற எண்ணம் நமக்கு ஆழமாகப் பதிந்திருக்கிறது. மூளையிலிருந்து கணையத்துக்குக் கம்பி இழுத்தாற்போல நரம்பு போகிறது, அது சர்க்கரையை ஏற்றவும் இறக்கவும் சொல்லும் என்பதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அந்தக் கம்பியைத் தெரிந்துகொண்டால் புரிகிற விஷயங்கள் சில, நம் தோட்டத்து வாழ்க்கைக்கு ரொம்பவே பக்கத்தில் இருக்கின்றன.

முயலில் தொடங்கிய கதை

1849 வாக்கில் பிரான்ஸின் கிளாட் பெர்னார் ஒரு முயலின் பின்மூளையில், நான்காவது அறை என்று சொல்லப்படும் குழிவின் தரையில், ஊசியால் குத்தினார். கொஞ்ச நேரத்தில் முயலின் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. முயல் இனிப்பு எதையும் தின்னவில்லை. மூளையில் ஓர் ஊசிக்குத்து, அவ்வளவுதான். இன்சுலின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

20 ஆண்டுகள் கழித்து, 1869-ல், பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர், பட்ட ஆய்வுக்காக முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீரண நீர் சுரக்கும் செல்களுக்கு நடுவே, வேறு மாதிரியான சின்னச் சின்ன செல் திட்டுகள். அவை என்ன வேலை செய்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால், அந்தத் திட்டுகளைச் சுற்றி நரம்பிழைகள் அடர்த்தியாக இருப்பதைக் கவனித்து எழுதிவைத்தார். இன்சுலின் சுரக்கும் அந்தத் திட்டுகளுக்குப் பிற்பாடு அவர் பெயரே வைக்கப்பட்டது. அதாவது, அந்தத் திட்டுகள் எதற்கு என்று உலகம் கண்டுபிடிப்பதற்கு முன்பே, அவற்றுக்கு நரம்பு போகிறது என்பது தெரிந்துவிட்டது!

அப்புறம் ஏன் இந்த நரம்பு நம் காதுக்கு வராமலே போனது? அதற்கு ஒரு சுவாரசியமான காரணம் உண்டு. ரஷ்யாவின் இவான் பாவ்லோவ், நாய்களை வைத்து, ஜீரணச் சுரப்புகளை நரம்புகள்தான் ஆட்டிவைக்கின்றன என்று காட்டிக்கொண்டிருந்தார். 1904-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், ஒரு நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கணையம் ஜீரண நீரைச் சுரந்தது. குடலிலிருந்து ஏதோ ஒரு ரசாயனம் ரத்தம் வழியாகப் போய்ச் சேதி சொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் பயன்படுத்தியது 1905-ல். நரம்பை அறுத்தும் நிற்காத சுரப்பிலிருந்துதான் ஹார்மோன் என்ற கருத்தே பிறந்தது. 1921-ல் கனடாவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த பிறகு கேட்கவே வேண்டாம். எல்லோருடைய கண்ணும் ரத்தத்தின் மேல்தான்.

நரம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. 1920-களின் பிற்பகுதியில் பெல்ஜியத்தின் லா பார், ஒரு நாயின் வேகஸ் நரம்பைத் தூண்டிவிட்டு, அதன் கணையத்திலிருந்து வரும் ரத்தத்தை இன்னொரு நாய்க்குள் செலுத்தினார். இரண்டாவது நாயின் சர்க்கரை இறங்கியது.

வாசனைக்கே வேலை தொடங்கும்

வேகஸ் என்பது மூளையின் அடியிலிருந்து கிளம்பி, கழுத்து, நெஞ்சு வழியாக வயிறு வரை இறங்கும் நீண்ட நரம்பு. உடம்பு ஓய்வாக இருக்கையில், சாப்பிட்டதைச் செரித்துச் சேமிக்கச் சொல்வது இதன் வேலை. இதன் முனையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கசியும். கணையத்தின் பீட்டா செல்லில் அதைப் பிடிக்க ஏற்பி இருக்கிறது. பிடித்ததும் இன்சுலின் கொஞ்சம் வெளியே வரும்.

வீட்டில் அரிசிம்பருப்பு சாதம் கொதிக்கிறது. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கும் வாசனை கூடம் வரை வருகிறது. முதல் வாயை மென்று, ருசி நாக்கில் பட்ட சில நிமிடங்களில், சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே, இன்சுலின் மெல்ல எட்டிப்பார்க்கிறது. அளவு சின்னதுதான். சாப்பாட்டுக்குப் பிறகு வரப்போகும் பெரிய சுரப்போடு ஒப்பிட்டால் ஒரு முன்னோட்டம். கல்யாணப் பந்தியில் ஆள் வருவதற்கு முன்பே இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைக்கிறோமே, அப்படி.

எதிர்த்திசையில் இழுப்பது பரிவு நரம்பு. பயம், கோபம், வலி, காயம், ஆபத்து என்றால் இதன் ஆட்சி. நாரட்ரினலின் கசியும். இது இன்சுலினை அடக்கி, கணையத்தின் ஆல்பா செல்களைத் தட்டி, குளுக்ககான் என்ற ஹார்மோனை விடச் சொல்லும். கூடவே அட்ரினல் சுரப்பியும் அட்ரினலினைக் கொட்டும். கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். வேலியைத் தாண்டி நாய் துரத்தும்போது ஓடுவதற்கு எரிபொருள் வேண்டாமா?

இதைக் கன்றுக்குட்டிகளிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1973-ல் இங்கிலாந்தின் புளூம், எட்வர்ட்ஸ், வாகன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், கன்றுகளின் வயிற்றுப் பகுதிக்குப் போகும் பரிவு நரம்பைத் தூண்டியபோது ரத்தத்தில் குளுக்ககான் ஏறியது. அட்ரினல் சுரப்பியை நீக்கிய கன்றுகளிலும் ஏறியது. அப்படியென்றால், சேதி போனது நேராக நரம்பு வழியாகத்தான்.

பூனை வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். கூடையில் அடைத்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோன பூனைக்கு, பயத்திலேயே சர்க்கரை எகிறிவிடும். அந்த ஓர் அளவை வைத்து நீரிழிவு என்று சொல்லிவிடக் கூடாது என்பதால், சில வார சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைன் பரிசோதனையையும் பார்ப்பார்கள். கோழி வேறு ரகம். நாமக்கல் பண்ணைகளில் நிற்கும் ஆரோக்கியமான கோழியின் ரத்தத்தில் சர்க்கரை சர்வசாதாரணமாக 200-ஐத் தாண்டும். நம் கணக்கில் மருந்துச் சீட்டு எழுத வேண்டிய அளவு. அதுவோ ஜோராக முட்டையிட்டுக்கொண்டிருக்கும்!

மனிதருக்கும் பூனைக்கு நடப்பது நடக்கிறது. மாரடைப்பு, விபத்து, அறுவை சிகிச்சை என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு, அதுவரை சர்க்கரையே இல்லாதவராக இருந்தாலும், அளவு ஏறி நிற்பதுண்டு. 'நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு, இவங்க என்னத்த ஏத்துனாங்க?' என்று வராந்தாவில் சண்டைக்குப் போகிற சொந்தங்களைப் பார்த்திருக்கிறோம். ஹெச்பிஏ1சி பார்த்தால் ஏற்கெனவே இருந்த சர்க்கரையா, அந்த நேரத்து நெருக்கடியால் ஏறியதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். நெருக்கடியில் ஏறியது என்றாலும் அலட்சியம் வேண்டாம். பின்னாளில் சர்க்கரை வரக்கூடியவர் என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். வீடு திரும்பிய சில வாரங்களில் மறுபடி பரிசோதிப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் நிதானம் தேவை. எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தாது. 2011-ல் அமெரிக்காவின் மயாமியில் அலெஹாந்த்ரோ கைசெடோவின் குழு, எலியின் திட்டுகளையும் மனிதத் திட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எலியில் நரம்பிழைகள் செல்களைத் தொட்டுப் பின்னிக் கிடந்தன. மனிதரில் வேகஸ் வகை இழைகள் மிகக் குறைவு. பரிவு நரம்பிழைகளும் பெரும்பாலும் செல்களை விட்டுவிட்டு, அங்கே இருக்கும் ரத்தக் குழாய்களைத்தான் பற்றியிருந்தன. நம்மிடம் ஆல்பா செல்களே அசிட்டைல்கோலினைக் கசியவிட்டு, பக்கத்து பீட்டா செல்லுக்குச் சேதி சொல்வதாகவும் அதே குழு கண்டது. கணைய மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களையும் எண்ணிப்பாருங்கள். புதுக் கணையத்துக்கு மூளையிலிருந்து நரம்பு இணைப்பே கிடையாது. ஆனாலும், அது சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறது. அதனால், 'டென்ஷன்தான் சர்க்கரைக்கு ஒரே காரணம், மனசை லேசாக்கினால் மாத்திரையை நிறுத்திவிடலாம்' என்று யாராவது வகுப்பு எடுத்தால் நம்பி ஏமாறாதீர்கள். நரம்பு, முடுக்கிவிடவும் அடக்கவும் செய்யும். அது மட்டுமே முதலாளி இல்லை.

மருந்தடிக்கிறவர்களின் கேள்வி

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். அசிட்டைல்கோலின் கசிந்து சேதி சொன்ன பிறகு, அதை உடனே உடைத்துத் துடைத்துவிட ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுவதுதான் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளின் வேலை. பூச்சிக்கும் நமக்கும் இந்த நொதி பொது. துடைக்க ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் தேங்கினால், நரம்புகள் சேதியை நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருக்கும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், வியர்த்துக்கொட்டும், நெஞ்சில் சளி கட்டும். இந்த மருந்தைக் குடித்துவிட்டவர்களைக் காப்பாற்றப் போராடும் நம் அரசு மருத்துவமனை டாக்டர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். அவர்களில் பலருக்கு ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும், சிலருக்குக் கணையமே வீங்கிப்போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கணையத்துக்குப் போகும் கம்பியில் மின்சாரம் தறிகெட்டுப் பாய்வது போன்ற நிலை அது.

அப்படியானால், குடிக்காமல், வருடக்கணக்கில் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறவர்களுக்கு?

இந்தக் கேள்வியை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுப்பையா ராமசாமி, கணேசன் வேல்முருகன் ஆகியோரின் குழு எடுத்துக்கொண்டது. திருப்பரங்குன்றம் வட்டாரக் கிராமங்களில் 35 வயதைத் தாண்டிய 3,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். பூச்சிமருந்தோடு அன்றாடம் புழங்குபவர்களில் 18.3 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை. புழங்காதவர்களில் 6.2 சதவிகிதம். ஏறத்தாழ மூன்று மடங்கு. 2017-ல் வெளிவந்த இந்த ஆய்வின் அடுத்த கட்டம்தான் சுவாரசியம். எலிகளுக்கு 180 நாள்கள் சிறிதளவு மோனோகுரோட்டோபாஸ் கொடுத்தார்கள். எலிகளின் சர்க்கரை ஏறியது. சந்தேகம் இயல்பாகவே நரம்பு நொதியின் மேல்தானே போகும்? அதைப் பார்த்தால், பெரிய குறைவு இல்லை. குற்றவாளி வேறு இடத்தில் இருந்தது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த மருந்தை உடைத்து அசிட்டிக் அமில வகைப் பொருளாக மாற்ற, அதைக் கொண்டு கல்லீரலும் குடலும் புதிதாகச் சர்க்கரை தயாரித்தன என்பது அவர்கள் கண்ட விடை. அந்த எலிகளின் சாணத்துப் பாக்டீரியாவை வேறு எலிகளுக்கு மாற்றியபோது, அவற்றுக்கும் சர்க்கரைக் கோளாறு வந்தது.

ஆக, ஒரே மருந்து இரண்டு வழியில் வருகிறது. மொத்தமாக உள்ளே போனால் நரம்பின் வழியாக, சில மணி நேரத்தில். துளித்துளியாகப் போனால், எலியில் பார்த்தபடி, குடலின் வழியாக, மாதக்கணக்கில். மனிதரில் இது இன்னும் கணக்கெடுப்பில் தெரிந்த தொடர்புதான். மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும், நிரூபணம் வரும்வரை வெறும் கையால் மருந்தைக் கலக்கி, காற்றுக்கு எதிர்முகமாக நின்று அடித்து, அதே கையோடு தூக்குப்போசியைத் திறக்கத்தான் வேண்டுமா? முகமூடியும் கையுறையும் வெயிலில் எரிச்சல்தான். கை, முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், மருந்தடித்த சட்டையைத் தனியாகத் துவைப்பதும் எரிச்சல் இல்லையே.

அடிக்காத மணி

நரம்புச் சேதியில், ஒவ்வொரு வீடும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இனிமேல் சொல்லப்போவதுதான்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூளை அலறும். முதலில் இன்சுலின் நிற்கும், குளுக்ககான் வரும், அட்ரினலின் வரும். அந்தப் பரிவு நரம்பு வேகத்தில்தான் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, பசி பிறாண்டுகிறது. 'லோ ஆயிடுச்சு' என்று நாம் உணர்வது உண்மையில் சர்க்கரையை அல்ல, நரம்பு அடிக்கும் மணியை. அந்த மணி கேட்டுத்தான் நாம் சர்க்கரை டப்பாவைத் தேடுகிறோம்.

பல ஆண்டுகள் சர்க்கரையோடு இருப்பவர்களில் சிலருக்கு, கால் நரம்பு மரத்துப்போவதைப் போலவே, இந்த உள் நரம்புகளும் பழுதாகிவிடும். கால் எரிச்சலைப் பற்றி எல்லோரும் டாக்டரிடம் சொல்கிறார்கள். உள் நரம்புப் பழுதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது வலிப்பதில்லை. முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில வருடங்களிலேயே குளுக்ககானும் கைவிட்டுவிடும். அப்போது என்ன ஆகும்? நடுக்கம், படபடப்பு எதுவும் இல்லாமல், நேராகப் பேச்சு குழறும், ஆள் தடுமாறுவார், சம்பந்தம் இல்லாமல் கோபப்படுவார், சாய்ந்துவிடுவார். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 'வந்து சாப்பிட்டுக்கறேன்' என்று தண்ணி கட்டப் போகிற அப்பாரு, வாய்க்கால் ஓரத்தில் தனியாக இருக்கும்போது இப்படி ஆனால்? பார்ப்பவர், 'காலையிலேயே ஊத்திக்கிட்டாரா?' என்று ஒதுங்கிப் போகவும் கூடும்.

இந்த மணியை அமுக்கும் வேறு சிலவும் உண்டு. நேற்று ஒருமுறை சர்க்கரை இறங்கியிருந்தால், இன்றைக்கு மணி மெதுவாகவே அடிக்கும். முந்தின நாள் கடும் உடலுழைப்பும் அதையே செய்யும். கரும்பு வெட்டு, அறுவடை என்று முறிய முறிய வேலை செய்த மறுநாள் கூடுதல் கவனம் தேவை. தூக்கத்தில் மணி இன்னும் மந்தம். ரத்தக்கொதிப்புக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. அதனால், அந்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால், முதலில் விரலைக் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். வெறும் வயிற்றில் சாராயம் எல்லாவற்றையும் விட மோசம். கல்லீரல் புதுச் சர்க்கரை தயாரிப்பதையே அது தடுத்துவிடும்.

இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுபவர்களும்தான் இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள். சிறுநீரகம் பலவீனமான முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நிதானமாக எழுந்து நின்றாலும் தலை சுற்றுகிறதா? சாப்பிடும்போது முகத்தில் மட்டும் வியர்க்கிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகமாக ஓடுகிறதா? மீட்டரில் 60 என்று காட்டியும் உடம்பில் ஒன்றுமே தெரியவில்லையா? இவற்றை அடுத்த முறை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்ப்பது, ஆழமாக மூச்சு இழுக்கும்போது இதயத்துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது என்று எளிய சோதனைகளே போதும். மருந்தைத் தானாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். எந்த மாத்திரையை மாற்றுவது, சர்க்கரை அளவை எவ்வளவு தளர்த்துவது என்று அவர் முடிவு செய்யட்டும்.

சில வாரங்கள் ஒருமுறைகூட சர்க்கரை தாழாமல் பார்த்துக்கொண்டால், பலருக்கு மணி மறுபடி கேட்கத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நரம்பு ரொம்பவே பழுதானவர்களுக்கு இது அந்த அளவுக்குத் திரும்புவதில்லை. அவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள்தான் மணி.

தோட்டத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். சர்க்கரை தாழ்ந்தால் மூன்று டீஸ்பூன், அதாவது 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு சோறோ இட்லியோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்பதை, ஆம்புலன்ஸில் வருபவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.